மச்சானின் சோளனும் எங்கள் குடிதண்ணீரும்

பனிச்சங்கேணி,
புரட்டாதி 9, செவ்வாய்க்கிழமை.

என்றென்றும் என் மதிப்புக்குரிய மூத்த மச்சான் அழகரத்தினம் அவர்களுக்கு, தங்கள் தங்கை கண்ணகையின் புருஷன் சாமித்தம்பி பணிவோடு எழுதிக்கொள்வது.

இங்கே தண்ணீரைத் தவிர மற்ற யாவும் சுகம். அங்கே தாங்களும் சீதேவிப்பிள்ளை மச்சாளும் மகள் தனுஷியாவும் தண்ணீர் உட்படச் சகல விதத்திலும் சுகமாக இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சந்தோசப்பட்டோம்.

என்ன இது, இந்தக் காலத்தில் கடிதம், போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பேசினேன் மச்சான். மூன்று தரம் பேசினேன். தாங்கள் உழவு மெசினில் இருந்தபடியே "ஆ, ஓம், ஓம், பாப்பம்" என்றீர்கள். நான் என்ன சொன்னேன் என்று இன்றைக்குக் கேட்டால் தங்களுக்கு ஞாபகம் இராது. வட்சப்பில் எங்கள் குழாய்த் தண்ணீரைப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பெருவிரலைத் தூக்கிக் காட்டி, கீழே ஒரு ரோசாப்பூவும் போட்டிருந்தீர்கள். முப்பத்தொரு வருடம் உப தபாலதிபராக இருந்தவன் நான். ஒரு விஷயம் உறைக்குள் போய், முத்திரை குத்துப்பட்டு, கையெழுத்து வைத்து வாங்கப்பட்டால்தான் என் கணக்கில் அது விஷயம். ஆகவே பதிவுத் தபாலில் எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடைத் தலைப்பில் மிஞ்சிக் கிடக்கிற அந்தப் பதினைந்து ஏக்கர் காட்டைத் தாங்கள் வெட்டக்கூடாது. வருகிற திங்கட்கிழமை அங்கே காட்டை வழிக்கிற பெக்கோ மெசின் இறங்குகிறது என்று கேள்வி. அதற்கு முதல் இந்தக் கடிதம் தங்கள் கையில் கிடைக்கவேண்டும். மூத்த மச்சானிடம் இப்படி நேராகச் சொல்லுவது மரியாதை இல்லை என்று கண்ணகை சொல்கிறாள். ஆகவே இந்தப் பந்தியை வாசிக்காத மாதிரி விட்டுவிட்டு, இனிமேல் நான் சுற்றி வளைத்து எழுதப்போவதை வாசிக்கவும்.

தங்களுக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் கடிதம் என்றால் தெரிந்ததையும் எழுதத்தான் வேண்டும். எங்கள் ஊர் வாவிக்கரை. கிணறு வெட்டினால் உவர்த் தண்ணீர்தான் வரும். கறிக்கு உப்புப் போடுகிற வேலை மிச்சம் என்பதைத் தவிர அந்தக் கிணறுகளால் ஒரு பிரயோசனமும் இல்லை. இருநூற்றுச் சொச்சம் குடும்பமும் குடிப்பது மேற்கே காட்டோரக் குளத்தில் இருந்து சங்கத்து மோட்டர் இழுத்து அனுப்புகிற தண்ணீர். குளத்துக்குத் தண்ணீர் வருவது ஓடையால். அந்த ஓடை முன்பு முழுக்கக் காட்டுக்குள்ளால் வந்தது. இப்போது ஒரு வருடமாகத் தங்கள் நாற்பது ஏக்கர் சோளனுக்குள்ளால் வருகிறது. அந்தக் குடிநீர்ச் சங்கத்துக்குச் செயலாளர் நான். ஓய்வெடுத்த மனிசன், எழுத்தும் வடிவாக இருக்கும் என்று சொல்லி என் தலையில் கட்டினார்கள்.

போன கார்த்திகையில் முதல் மழை பெய்து மூன்றாம் நாள் தொடங்கியது வினை. கல்லடியில் இருந்து என்னோடு முன்பு வேலை செய்த ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். வந்த மனிசன் குளிசை போட ஒரு கிளாஸ் சுடுதண்ணீர் கேட்டார். கண்ணகை குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து வைத்தாள். குளிசையை விழுங்கியவர் மிச்சத்தையும் ஆறுதலாகக் குடித்து முடித்துவிட்டு, "சாயம் நல்லாப் புடிச்சிருக்கு தங்கச்சி, சீனிதான் கொஞ்சம் காணாது" என்றார். கண்ணகை சீனிப் போத்தலை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தாள். அன்றையில் இருந்து எங்கள் வீட்டில் தேயிலை வாங்குவது குறைந்துவிட்டது. அதற்குத் தங்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அடுத்த கிழமை பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்துக்கு நின்ற பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரிக் காவி உடுப்பில் நின்றார்கள். தோய்த்தது வெள்ளை உடுப்பு, காய்ந்தது காவி. புதிதாக வந்த அதிபர் இது ஏதோ விரதம் என்று நினைத்து, எந்தக் கோயிலுக்கு என்று விசாரித்தாராம். பிள்ளைகளும் விடாமல், ஓம் சேர், மண்டூருக்கு என்று சொல்லி அரை நாள் லீவு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

சங்கம் கூடியது. இரண்டரை மணித்தியாலம் பேசினோம் மச்சான். குழாயைப் பற்றிப் பேசினோம், மோட்டரைப் பற்றிப் பேசினோம், போன நிருவாகத்தைப் பற்றிப் பேசினோம், அதற்கு முந்தின நிருவாகத்தைப் பற்றியும் பேசினோம். காடு என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. மேற்குப் பக்கம் பார்த்து இருந்தவர்கள்கூடக் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். கடைசியில் பழுது மோட்டரில்தான் என்று ஏகமனதாக முடிவெடுத்து, ஓட்டமாவடியில் மோட்டர் திருத்துகிற றிஸானைக் கூப்பிட்டோம். அவர் வந்து மோட்டரைக் கழற்றி, உள்ளே இருந்த சேற்றை வழித்து ஒரு வாளியில் போட்டு என் முன்னால் வைத்தார்.

"மோட்டருக்கு ஒண்டுமில்ல போஸ்மாஸ்டர். நீங்க குடுக்கிறத அது கக்குது. மேல போய்ப் பாருங்க."

"மேல எண்டா?"

"மேல எண்டா மேலதான். அவர்ர ரெண்டு உழவு மெசினும் நான்தான் திருத்துற. எனக்கிட்டப் பேர் கேக்காதீங்க."

அவர் போன பிறகு, தொழில் தெரியாத ஆளைக் கூப்பிட்டது பிழை என்று சங்கம் முடிவெடுத்தது. அடுத்ததாகக் குளோரின் தூள் போட்டோம். எவ்வளவு போடவேண்டும் என்று பையில் எழுதியிருந்தது. ஆனால் அது நல்ல தண்ணீருக்கு எழுதினது, எங்கள் தண்ணீருக்கு மூன்று மடங்காவது வேண்டும் என்று ஆளுக்கு ஒரு கோப்பையாக அள்ளிப் போட்டார்கள். தண்ணீர் வெளுக்கவில்லை. கண்ணகையின் மயில்கழுத்து நிறச் சேலை வெளுத்தது. அது தாங்கள் தங்கச்சிக்கு எடுத்துக் கொடுத்த சேலை. ஒரு கரையில் மயில் இன்னும் இருக்கிறது, மற்றக் கரையில் கொக்கு நிற்கிறது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் வெட்கத்தோடு எழுதவேண்டியிருக்கிறது. வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கு. குளிர்த்திப் பானையில் வேப்பிலையைப் போட்டுவிட்டுப் பூசகர் கப்புகனார் உள்ளே எட்டிப் பார்த்தார். பானையின் அடி தெரியவில்லை. வேப்பிலையும் தெரியவில்லை. அவர் நிமிர்ந்து, "ஆத்தை கோவத்தில இருக்கா, குளக்கட்டுப் பொங்கல் விட்டுப்போய்ப் பத்து வருசம்" என்று சொன்னார். ஊருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிழை அம்மனுடைய கோபத்தில் இருக்கிறது, வேறு ஒருவரிடத்திலும் இல்லை என்றால் எவ்வளவு நிம்மதி. உடனே ஆனி மாதத்துக்கு நாள் வைத்தாயிற்று. பொங்கல் என்றால் பந்தல் போட இடம் வேண்டும், வாகனம் விட இடம் வேண்டும், பாட்டுப்பெட்டி கட்ட இடம் வேண்டும். குளத்துக்குள் ஓடை வந்து சேருகிற இடத்தில் மூன்று ஏக்கர் அளவில் பாய் இழைக்கிற பன்னும் புல்லும் வளர்ந்து, நடுவில் மருத மரங்களும் நின்றன. அசிங்கமாகக் கிடக்கிறது, துப்புரவாக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். தாங்கள் பெருந்தன்மையோடு பெக்கோவை அனுப்பிவைத்தீர்கள். ஒரே நாளில் அந்த இடம் நெற்றி மாதிரி வழுவழுவென்று ஆயிற்று. "குளத்துத் துப்புரவு உபயம்: அழகரத்தினம் குடும்பம்" என்று பலகை அடித்து நாட்டினோம். தங்களுக்குப் பொன்னாடை போர்த்தியது நான். நல்ல தண்ணீருக்காகத் தாங்கள் செய்த சேவை என்று ஒலிபெருக்கியில் பேசியதும் நான்தான். ஆவணியில் ஒரு கோடைமழை, ஒன்றே ஒன்று, பெய்தது. மறுநாள் குழாயைத் திறந்தால் தண்ணீர் விழவில்லை மச்சான், கூழ் மாதிரி இறங்கியது.

அதற்குப் பிறகுதான் தண்ணீர் பரிசோதிக்கிற பிள்ளை ஒன்று வந்தது, பெயர் அஜந்தா. பெட்டி நிறையப் போத்தலோடு வந்து, குழாயில் ஒன்று, குளத்தில் ஒன்று, ஓடையில் மூன்று இடத்தில் என்று தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். இரண்டு கிழமையால் கடுதாசி வந்தது. அதை வாசித்துக் காட்டுகிற பொறுப்பும் செயலாளருடையது. கலங்கல் என்ற இடத்தில் இருக்கவேண்டிய அளவு இரண்டு என்றும், எங்களுடையது அறுபத்தொன்று என்றும் இருந்தது. முப்பத்தொரு வருடம் அரசாங்கத்தில் இருந்தவனுக்கு எண் கூடினால் முன்னேற்றம் என்றுதான் மனதில் படும். "நமது தண்ணீர் முப்பது மடங்கு கூடுதலாகப் பெற்றிருக்கிறது" என்று கணீரென்று வாசித்தேன். சபை கைதட்டியது. அடுத்த வரியில் கூடிக் கிடந்த நைத்திரேற்றுக்கும் கைதட்டினார்கள். அஜந்தா எழும்பி விளங்கப்படுத்தினபோது கைதட்டின கையை எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, ஒருக்கா என்னோட மேல வந்து பாருங்க" என்றாள். போனேன்.

மச்சான், நான் இவ்வளவும் சிரிப்பாக எழுதிக்கொண்டு வந்தேன். இனி எழுதுவதைச் சிரிக்காமல் வாசிக்கவும். தங்கள் சோளனைத் தாண்டி, அந்தப் பதினைந்து ஏக்கருக்குள் போனோம். இரண்டு பக்கமும் முதிரையும் வீரையும் கூழாவும் நிற்கின்றன, ஓடை நடுவால் போகிறது. அடியில் கிடக்கிற கூழாங்கல்லை ஒவ்வொன்றாக எண்ணலாம். அள்ளிக் குடித்தேன். நல்ல குளிர். அங்கே இருந்து இறங்கி முந்நூறு அடி வந்தால் மரம் முடிகிறது, சோளன் தொடங்குகிறது. ஓடைக் கரையின் விளிம்பு வரைக்கும் உழுதிருக்கிறீர்கள். ஓடைக்கும் பாத்திக்கும் நடுவில் என் செருப்பு வைக்க இடம் இல்லை. அதே ஓடை, அதே நாள், அதே தண்ணீர். ஆனால் அந்த முந்நூறு அடிக்குக் கீழே கையை விட்டால் கை தெரியவில்லை.

"மரம் நிக்கிற இடத்தில மழை இலையில விழுந்து, சருகில ஊறி, மெதுவா இறங்குது ஐயா. மண் அசையாது. இஞ்ச மழை நேர மண்ணிலதான் அடிக்கிது. மண்ணும் பசளையும் சேந்து ஒரே ஓட்டமாக் குளத்துக்குப் போகுது."

"குளத்தில வந்து அடையாதா புள்ள?"

"அடையும். அதுக்குத்தான் குளத்து வாயில பன்னும் மருதும் நிண்டது. மண்ணப் புடிச்சு வச்சிருந்தது அதுதான். அத ஆரோ வழிச்சுப் போட்டிருக்காங்க. பொன்னாடையும் போத்தினாங்களாம்."

"மாரி மழ இன்னும் சரியாப் பெய்யவே இல்லையே" என்றேன்.

"அதத்தான் ஐயா நானும் சொல்றன். இந்தத் தலைப்புக் காடும் போச்செண்டா நான் போத்தல் கொண்டு வரத் தேவையில்ல. கண்ணால பாத்தே எழுதலாம்."

எனக்குப் பயம் பிடித்தது மச்சான். உண்மையாகவே பயம் பிடித்தது. குளத்தில் இப்பவே பச்சைப் பாசி படர்ந்து கிடக்குது, நாத்தம் தாங்கேலாது. சங்கத் தலைவர் ரதீஸின் சின்னமகள் வயிற்றோட்டத்தில் ஆறு நாள் ஆசுபத்திரியில் கிடந்து வந்தாள். கையில் ஊசி குத்தின இடம் இன்னும் நீலமாக இருக்கிறது. அவர் தங்களுடைய உழவு மெசின்தான் ஓட்டுகிறார். பகல் முழுக்க ஓடைக் கரையை உழுதுவிட்டு, பின்னேரம் பிள்ளைக்குப் போத்தல் தண்ணீர் வாங்கிக்கொண்டு போகிறார். கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. குளத்தில் அடையாத மிச்ச மண் வாவிக்குப் போகிறது. வலை போடுகிறவர்கள் றாலுக்குப் பதிலாகத் தங்கள் காணியை அள்ளிக்கொண்டு வருகிறார்கள். வேண்டுமென்றால் வந்து எடுத்துப்போகலாம், பசளை போட்ட நல்ல மண்தான்.

யார் தங்களுக்குச் சொல்லுவது என்று பிறகும் ஒரு கூட்டம். ரதீஸ் மாட்டார். கோயில் கூரைக்குத் தகரம் தந்தது தாங்கள் என்று கப்புகனார் சொல்லிவிட்டார். பொருளாளரின் மனிசி தங்கள் சோளன் முறிக்கப் போகிறவ. கடைசியில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தங்கச்சி புருஷன், அதுக்கு மேல எங்கட மகன் மதுஷனுக்கும் உங்கட மகள் தனுஷியாவுக்கும் தையில கலியாணம், மாப்பிள்ளைட தகப்பன் சொன்னா ஆர்தான் தட்டுவாங்க என்று சொன்னார்கள். இவனுகளுக்கு என்ன தெரியும். நான் இருக்கிறது உங்கட தகப்பனார் கண்ணகைக்குச் சீதனமாக் கட்டிக் குடுத்த வீட்டில. சுவருக்குக் கல் சுமந்தது நீங்க. முப்பத்தாறு வருசமா இந்த வீட்டில நான் ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் கேட்டுத்தான் அடிக்கிறன். அப்படிப்பட்டவன் மூத்த மச்சானுக்குப் புத்தி சொல்லுறதெண்டா எப்படி. எழுத இருந்த நேரம் கண்ணகை குசினிக்குள்ள இருந்து, "அண்ணன்ட மனம் நோக எழுதினீங்க எண்டா இண்டைக்கு அடுப்பு மூட்டமாட்டன்" என்றாள். மூட்டினாலும் அந்தத் தண்ணியிலதானே சோறு என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

நீங்க வெட்டின நாற்பது ஏக்கரை நாங்க திருப்பிக் கேக்கல்ல. அதுக்கு எந்தக் கந்தோரில எந்தக் கடுதாசி எடுத்தீங்க எண்டும் கேக்கல்ல, எடுத்தீங்களா எண்டும் கேக்கல்ல. சோளன் விதை தாற கொம்பனிக்காரன் அவன்ட ஊரில போத்தல் தண்ணி குடிப்பான், அவனுக்கு இது பிரச்சினை இல்ல. உங்களுக்கு இது பிரச்சினையா இருக்கவேணும். நீங்க ஒரு முறை பெக்கோவை விட்டா மூன்று நாள் வேலை, அவ்வளவுதான். அந்த மூன்று நாளுக்குப் பிறகு இருநூறு வீட்டுப் பிள்ளைகளும் சேறு குடிக்கும். ஓடைக்கு ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டு உழுங்க. அந்தப் பதினைந்து ஏக்கரைத் தொடாதீங்க. இதை ஒரு தங்கச்சி புருஷனாகச் சொல்லவில்லை, சம்பந்தியாகவும் சொல்லவில்லை, அந்தத் தண்ணீரைக் குடிக்கிற ஒருவனாகச் சொல்கிறேன். கோபம் வந்தால் வரட்டும். வீட்டை விட்டு எழும்பச் சொன்னால் எழும்புகிறேன்.

சீதேவிப்பிள்ளை மச்சாளுக்கு எங்கள் அன்பு. தனுஷியாவுக்கு எங்கள் ஆசீர்வாதம். அம்மன் காவலில் தாங்கள் நூறு வயது நோய்நொடி இல்லாமல், தெளிந்த தண்ணீர் குடித்து வாழவேண்டும் என்று வேண்டி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லை ஒருநாளும் தட்டாத,
க. சாமித்தம்பி,
ஓய்வுபெற்ற உப தபாலதிபர்,
செயலாளர், குடிநீர்ச் சங்கம்.

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரம் கண்ணகை கடிதத்தை வாங்கி வாசித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கிறீங்க" என்றாள். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பிறகு, "அப்ப மேல்மாடி?" என்று கேட்டாள். தனுஷியாவுக்குத் தாங்கள் கட்டுகிற சீதன வீட்டைப் பற்றி அப்போதுதான் விபரமாகச் சொன்னாள். நாற்பது ஏக்கர் சோளன் கீழ் வீட்டுக்குத்தான் காணுமாம், மேல்மாடி வேண்டுமென்றால் இன்னும் பதினைந்து ஏக்கராவது போடவேண்டும் என்று தாங்கள் போன கிழமை அவளிடம் சொன்னீர்களாம். மேல்மாடி வேணுமெண்டு ஆர் கேட்டது என்று கேட்டேன். "நீங்கதான்" என்றாள். யோசித்துப் பார்த்தால் ஓம், கலியாணம் பேச வந்த அன்றைக்கு நான்தான் கேட்டேன். ஊர் முழுக்கச் சொல்லியும் விட்டேன், இனிக் குறைத்தால் மதுஷனுக்கு மரியாதை இல்லை. ஆகவே மேலே எழுதியதைச் சங்கத்துக் கோப்புக்கு ஒரு பிரதி தேவைப்பட்டு எழுதியதாக எடுத்துக்கொள்ளவும். திங்கட்கிழமை வேலை திங்கட்கிழமையே நடக்கட்டும். கதவு, நிலை எல்லாம் முதிரையில் இருந்தால் நல்லது. உள்ளே நல்ல வைரம் பாய்ந்த முதிரை நிற்கிறது, போனபோது பார்த்தேன். மேல்மாடியில் எனக்கும் கண்ணகைக்கும் ஒரு அறை வைக்கவும். மாப்பிள்ளையின் தாய் தகப்பன் பெண் வீட்டில் வந்து இருப்பது முறையில்லைதான், ஆனால் இந்த ஊர்த் தண்ணீரை இனி மனிசர் குடிக்கேலாது. புது வீட்டுக்குக் குழாயை மட்டும் அந்தப் பதினைந்து ஏக்கருக்குள் இருக்கிற ஓடையில் இருந்து இழுக்கவும். அங்கே தண்ணீர் நல்ல தெளிவு, நானே குடித்துப் பார்த்தேன்.